ரொட்டிக் கடைக்குள் போனவர்கள்

வீட்டில் அந்தச் சிறுமிக்கு வைத்த பட்டப்பெயர் வக்கீல். எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டாள். அவளுடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர். உயரமான ஏணியில் ஏறி, விளக்கு எரியும் பலகைகளைக் கோணாமல் மாட்டிவிட்டு இறங்குவார்.

அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அதை விட்டுவிட வேண்டும் என்று அவரும் பாடுபட்டுக்கொண்டிருந்தார். சில நாள் முடிந்தது, சில நாள் முடியவில்லை. முடியாத நாளில் அம்மா பேசமாட்டார், பாத்திரங்கள்தான் பேசும். “இந்தத் தடவை விட்டுடுவேன்” என்று அப்பா சொல்லும்போதெல்லாம் வக்கீலுக்கு நம்ப ஆசையாக இருக்கும். பயமாகவும் இருக்கும்.

அப்பாவைக் காட்டப் போன மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அக்கா வழி சொன்னார். தனியாக விடுவது கஷ்டமாம். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் சனிக்கிழமை மாலையில் ஒன்றாகக் கூடுகிறார்களாம். கடைத்தெரு முனையில் ரொட்டிக் கடை இருக்கும் கட்டடம்தான் இடமாம். வீட்டு ஆட்களும் கூடப் போகலாம்.

போன சனிக்கிழமை அப்பா தேடிப் போனார், போன வேகத்தில் திரும்பினார். அப்படி ஓர் இடமே இல்லை என்றார். ஏனென்றால் அங்கே போர்டு இல்லை. பலகை மாட்டிப் பிழைக்கிறவருக்குப் பலகை இல்லாத இடம் உலகத்திலேயே கிடையாது. அன்று இரவு அவர் மறுபடியும் குடித்தார்.

அதனால் இந்தச் சனிக்கிழமை வக்கீலும் கூடப் போனாள். இருவரும் ரொட்டிக் கடைக்கு எதிரே நின்றார்கள். ரொட்டிக் கடைப் பலகை இருந்தது, பக்கத்தில் சைக்கிள் கடைப் பலகை இருந்தது. வேறொன்றும் இல்லை.

“பாத்தியா? வா, வீட்டுக்குப் போகலாம்” என்றார் அப்பா. அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

அவள் நகரவில்லை. ரொட்டிக் கடைக்குள் ஒரு தபால்காரர் போனார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓர் அண்ணன் போனார். கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் போனார். பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். அந்தக் கடையில் நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டும்.

“அப்பா, உள்ள போனவங்க ஒருத்தர்கூட ரொட்டியோட வெளிய வரல.”

“அதனால?”

“அத்தனை பேரும் அடுப்புக்குள்ளயா போயிருப்பாங்க?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனாள்.

கடைக்கார அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே என்ன வேண்டும் என்று கேட்டார். அப்பா திருதிருவென விழித்தார். பிறகு ஒரு ரொட்டி கேட்டார்.

“ரொட்டி அப்புறம். நாங்க கூட்டத்துக்கு வந்திருக்கோம்” என்றாள் வக்கீல்.

கடைக்கார அம்மா ஆச்சரியப்படவே இல்லை. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த மாடிப்படியைக் காட்டினார். பலகை வைக்காதது வேண்டுமென்றேதானாம். ரொட்டி வாங்கப் போகிறார்கள் என்று தெரு நினைத்துக்கொண்டால், வருகிறவர்களுக்குக் கூச்சம் இருக்காது இல்லையா? மேலே கேட்பதை வெளியே சொல்லக்கூடாது என்றும் சொன்னார். வக்கீல் தலையாட்டினாள். கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு அந்த அம்மாவும் கூடவே ஏறினார்.

மாடி அறையில் மடக்கு நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒன்றில் வக்கீலின் விளையாட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் விசில் ஊதினால் மைதானமே கப்சிப் என்று ஆகிவிடும். டீச்சர் அவளைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு எழுந்து நின்றார்.

“எனக்குக் குடி நோய் இருக்கு. இன்னைக்கு நான் குடிக்கல” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்துத் தபால்காரர் பேசினார். ஹெல்மெட் அண்ணன் காலையில் அழுததைச் சொன்னார். கடைக்கார அம்மாவும் எழுந்து, தன் பழைய கதையைச் சொன்னார். பெரியவர்கள் தோற்றதை வெளியே சொல்லவே மாட்டார்கள் என்று வக்கீல் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். வானவில்லைப் பார்த்தபோதுகூட இப்படி வாயடைத்துப் போனதில்லை. வக்கீலுக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் முறை வந்தது. பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றார்கள். ஆனாலும் அவர் எழுந்தார்.

“விட்டுடுவேன், விட்டுடுவேன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். என்னால தனியா முடியல” என்றார்.

முதலில் கை தட்டியது டீச்சர். வக்கீல் தன் கை சிவக்கும்வரை தட்டினாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்து சேர்ந்தவர்தான் கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைக்க வேண்டும். அப்பா எல்லாவற்றையும் மடக்கிச் சுவரோரம் அடுக்கி முடித்ததும், கடைக்கார அம்மா அறையின் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“அடுத்த சனிக்கிழமை நீங்கதான் தொறக்கணும். நீங்க வரலேன்னா நாங்க எல்லாரும் படியிலதான் நிக்கணும்.”

அப்பாவை நம்பி யாரும் எதையும் கொடுத்து வெகுநாள் ஆகியிருந்தது. வீடு வரும்வரை அவர் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை, கூட்டம் மாலையில்தான் என்றாலும், காலையில் ரொட்டிக் கடை திறப்பதற்கு முன்னாலேயே அப்பா சாவியோடு அங்கே போய் நின்றுவிட்டார்.