குரத்தியாரின் மழை நோன்பு

ஆடித் திங்களின் முழுமதி கீழ்வானில் எழுந்து, அந்திச் செம்மை இன்னும் அணையாத பாலாற்றின் மீது வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கிய வேளையில், கரையோரத்து அருகன்குன்றின் படிகளில் ஓமாநாட்டுப் படைத்தலைவன் வயிரமேகன் ஏறிக்கொண்டிருந்தான். சீடர்கள் தம் ஆசிரியரை வணங்கும் அந்நன்னாளில், தனக்கு எழுத்தறிவித்த சமணப் பெண்துறவி சாந்திமதிக் குரத்தியாரைக் காண ஆண்டுதோறும் அவன் வருவது வழக்கம். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, இம்முறை அவன் கச்சையில் அரசாணை ஒன்று இருந்தது. அடிவாரத்தில் முப்பது வீரர்கள் காத்திருந்தனர்.

குகை வாயிலில் வெண்ணிற ஆடையும் மயிற்பீலியுமாக அமர்ந்திருந்த குரத்தியாரை, முறைப்படி ஏழு முழம் தள்ளி நின்று மும்முறை விழுந்து வணங்கினான்.

"பொறுத்தருள வேண்டும், அடிகளே! முன்பு நம்மோடு நடந்த போரில் மாண்ட தகரநாட்டு மன்னனின் தேவி இக்குன்றத்துத் துறவியரிடையே மறைந்திருக்கிறாளாம். அவள் பெயரைச் சொல்லி அந்நாட்டார் மீண்டும் கிளர்ந்தெழுகின்றனர். அவள் தலையைக் கொணருமாறு ஆணை. அவள் யாரென்று காட்டியருளினால், மற்றவர்களுக்குத் தீங்கு வராமல் காப்பேன்."

"அவள் நான்தான், வயிரமேகா."

வயிரமேகன் பாறையைப் பற்றிக்கொண்டான்.

"என் கணவரை வேலெறிந்து வீழ்த்தியவர் உன் தந்தை. நீ இங்கு வந்த முதல் நாள், உன் குலப்பெயரைக் கேட்டதுமே அறிந்துகொண்டேன்."

"அறிந்துமா எனக்கு எழுத்தறிவித்தீர்கள்?"

"அன்றிரவு நான் உறங்கவில்லை. விடிந்ததும் ஓலையோடு வந்து அமர்ந்துவிட்டாய். துரத்த மனம் வரவில்லை."

"அடிகளே, ஓடம் இருக்கிறது. இப்போதே அக்கரை சென்றுவிடுங்கள்!"

"இன்று மாலை மழைக்கால நோன்பு ஏற்றேன். நான்கு திங்கள் இக்குன்றை விட்டு இறங்கலாகாது. என்பொருட்டு எவரையும் நீ வெட்டவும் கூடாது."

அவன் கீழே வந்தான்.

"அகப்பட்டாளா, தலைவரே?" என்றான் துணைத்தலைவன் சாத்தன்.

வயிரமேகன் தன் வாளைக் கழற்றி ஆற்றில் வீசினான். முதற்படியில் குறுக்கே அமர்ந்தான்.

"அவர் என் ஆசிரியர். மேலே செல்ல விரும்புகிறவர் முதலில் என் தலையைக் கொய்யட்டும். நான் கை உயர்த்த மாட்டேன். அவர் நோன்பு முடியும்வரை இந்தப் படியை விட்டு எழவும் மாட்டேன். இது என் ஆசிரியர் மீது ஆணை!"

பாதி உருவிய வாளை முழுதும் உருவவும் இயலாமல், உறையிலிடவும் இயலாமல் சாத்தன் நின்றான்.