மரச்சரிவுக்கு இரண்டாவது சோடி

2024ஆம் ஆண்டு சனவரி மாதம் இருபதாம் நாள், சனிக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, ஜெர்மனியின் தென்கோடியில் உள்ள பால்டர்ஷ்வாங் என்னும் மலையூரில், பனிச்சறுக்குப் பலகைகளை வாங்குமுன் பரிசோதித்துப் பார்ப்பதற்கென ஒரு கடையினர் அமைத்திருந்த கூடாரத்தின் முன், சுபானி வந்து நின்றாள். தன் பெயரில் ஒதுக்கிவைக்கும்படி அவள் முன்கூட்டியே எழுதியிருந்த சோடியைப் பெற்றுக்கொள்வதே அவள் நோக்கம். அவளுக்கு வயது முப்பது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்குக் கெல்சென்கிர்ச்சனில் பிறந்தவள், இப்போது கெம்ப்டன் நகரில் ஒரு மருத்துவமனையின் கதிர்ப்படப் பிரிவில் பணிபுரிபவள், நேரம் தவறாதவள்.

பலகைகள் அங்கு இல்லை.

“உங்கள் கணவர் சற்று முன்புதான் எடுத்துச் சென்றார்” என்று கடைக்காரர் முகம் மலரக் கூறினார்.

சுபானிக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை.

அவள் கூடாரத்தின் வாசலிலேயே நின்றாள். பனி பெய்துகொண்டிருந்தது... ஓசையில்லாமல், அவசரமில்லாமல். அவளிடம் ஏற்கெனவே ஒரு சோடி உண்டு. ஒடுங்கிய பலகைகள், இயந்திரம் உருட்டி இறுக்கிய சரிவில் கத்தியைப் போல் வெட்டிச் செல்பவை. ஆனால் புதிதாகப் பெய்த பொடிப்பனியில் அவை முழங்கால்வரை மூழ்கிவிடும். மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் கம்பிவட மின்தூக்கியில் தொங்கியபடி, மரங்களுக்கிடையே யாரும் மிதிக்காமல் கிடக்கும் வெண்மையைப் பார்த்துப் பார்த்தே இரண்டு பருவங்களைக் கழித்துவிட்டாள். காலடியில் நூறு மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு சோடி இருந்தால் அங்கே மிதந்து செல்லலாம். அந்தச் சோடியைத்தான் முன்பின் அறியாத ஒரு கணவன் கொண்டு போயிருக்கிறான்.

அவன் வந்தான். மரங்களின் பக்கமிருந்து, தாடியெல்லாம் பனியாக, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

“உங்கள் மனைவி காத்திருக்கிறார்” என்றார் கடைக்காரர்.

அவன் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். சுபானியைக் கண்டதும் பனிக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினான். “நீங்க... தமிழா?”

“அதைவிட முக்கியமான கேள்வி ஒண்டு கிடக்கு. என்ர ஸ்கீ ஏன் உங்கட காலில நிக்குது?”

“ஐயோ, சாரிங்க! அவர் ஏதோ ஒரு நீளமான பேரைச் சொல்லி ‘நீங்கதானே?’ன்னு கேட்டார். நான் ‘யா’ன்னு சொல்லிட்டேன்.”

“அது என்ர அப்பாவின்ர பேர். சிவகுருநாதன். உங்கட பேர் என்ன?”

“சேஷாத்ரி.”

“ரெண்டுக்கும் என்ன பொருத்தம்?”

“ஒண்ணும் இல்லீங்க. நான் டிரெஸ்டன்ல நாலு வருஷமா இருக்கேன். ஒருத்தரும் என் பேரை ஒழுங்கா சொன்னதில்லை. நீளமா எந்தப் பேரைக் கேட்டாலும் ‘யா’ சொல்லிப் பழகிடுச்சு. கரெக்ட் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு.”

சிரிப்பு வந்தது. அதை அவள் வெளிவிடவில்லை. கோபத்தை இவ்வளவு விரைவில் கைவிடுவது முறையன்று என்று கருதினாள். ஆனால் அவன் கண்கள்... குளிரில் நீர் கோத்து, குற்றம் ஒப்புக்கொண்டும் மகிழ்ச்சி குறையாத கண்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே கண்டிப்பது கடினமாக இருந்தது.

“சரி, அங்கால எப்படி இருந்தது?”

“சொர்க்கம்! கொஞ்சம் குட்டையான ஸ்கீதான். ஆனா மரத்துக்கு நடுவுல டக் டக்குன்னு திரும்புது. முனை மேலே வளைஞ்சிருக்கறதால பனிக்குள்ள குத்தவே இல்லை.”

“ஆரோட போனீங்கள்?”

“தனியாத்தான்.”

“தனியவோ! உங்களுக்கு விசரே? மரத்தடியில கொப்புக்குக் கீழ பனி இறுகாமக் குழியாக் கிடக்கும். தலைகீழா விழுந்தா ஆர் இழுத்து எடுக்கிறது? கடைக்காரரோ?”

அவன் முகம் சிறுத்தது. “யாரும் இல்லைங்க... கூட வர.”

அவளும் தனியாகத்தான் வந்திருந்தாள். மரங்களுக்குள் ஒருவராகப் போகக்கூடாது என்ற விதியைக் காப்பவள் ஆதலால் உள்ளே போனதில்லை; அவ்வளவே வேறுபாடு.

கடைக்காரர் பலகையின் பூட்டை அவளுடைய காலணிக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தார். சேஷாத்ரிக்கு நூற்றெட்டு மில்லிமீற்றர் அகலமுள்ள வேறொரு சோடி கிடைத்தது. காட்டு விலங்குகளுக்கென ஒதுக்கிய பகுதியைத் தவிர்த்து, செல்ல அனுமதியுள்ள மரச்சரிவில் இருவரும் இறங்கினார்கள். முதல் திருப்பத்தில் அவள் மூச்சை மறந்தாள். கால்களுக்குக் கீழே தரை என்ற ஒன்றே இல்லை. மரங்கள் ஒவ்வொன்றாக விலகி வழி விட்டன. முன்னால் செல்பவன் ஒவ்வொரு வளைவிலும் நின்று, அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தான்... அவள் வந்தாள். ஒருமுறை அவன் புதருக்குள் விழுந்து, பலகைகள் மட்டும் வெளியே தெரியக் கிடந்தான்.

“சேஷாத்ரி! உயிரோட இருக்கிறியளோ?”

“இருக்கேன்! நூத்தெட்டு ரொம்ப அகலம்னு இப்பத்தான் புரியுது!”

“அகலத்தில பிழை இல்லை. ஓட்டினவரில பிழை.”

மாலையில் பலகைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கேட்டாள்: “எது வாங்கப்போறீங்கள்?”

“எதுவும் இல்லை. சும்மா பார்க்கத்தான் வந்தேன்.” அவன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். “மார்ச்சோட என் கான்ட்ராக்ட் முடியுது. அதுக்கப்புறம் டிரெஸ்டனா கும்பகோணமான்னு தெரியாது. ஊருக்குப் போறவன் ரெண்டாவது ஸ்கீ வாங்குவானா?”

சோடியைத் தெரிவு செய்ய ஆலோசனை வேண்டும் என்ற காரணம் காட்டி, அவன் எண்ணைப் பெற்றுக்கொண்டாள்.

அதன்பின் நாள்தோறும் மாலையில் செய்தி வந்தது. தொண்ணூற்றாறா, நூறா, நூற்று நான்கா? பொடிப்பனியில் மிதக்கும் பலகை, வீடு திரும்பும் இறுகிய பாதையில் சோம்பும் அல்லவா? நீளம் குறைந்தால் மரங்களுக்கிடையே எளிது. ஆனால் வேகத்தில் நடுங்கும் அல்லவா? எழுதப்பட்டவை அனைத்தும் மில்லிமீற்றர்கள். எழுதப்படாதவற்றை இருவரும் அறிந்திருந்தனர். முதலில் எழுதுபவர் யார் என்பதே கேள்வி. ஒரு மாலை செய்தி தாமதித்தால், சுபானி சமையலறையில் எதற்காக வந்தோம் என்பதை மறந்து நிற்பாள்.

பெப்ரவரியில் அவள் பெற்றோரைப் பார்க்கச் சென்றபோது, தொலைபேசியில் அவள் சிரிப்பதைத் தந்தை கேட்டார். சாப்பாட்டு மேசையில், மீன்குழம்பைப் பிசைந்தபடி மெல்லக் கேட்டார்:

“பிள்ளை, ஆர் அந்தப் பெடியன்?”

“இந்தியாப் பெடியன் அப்பா. டிரெஸ்டன்ல ஆராய்ச்சி செய்யிறார்.”

“அவையள் நல்ல பெடியள்தான். நான் பிழை சொல்லேல்லை. ஆனா அவைக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு வீடு கிடக்கு. எங்களுக்கு அது இல்லாமத்தான் இஞ்ச வந்தனாங்கள். போகக்கூடிய ஆளை நம்பிக்கொண்டு நீ நிக்கப்போறியோ?”

“சும்மா அவளை வருத்தாதையுங்கோ, சாப்பிடட்டும்” என்றாள் தாய் பவளம்.

சுபானி சாப்பிட்டாள். ஆனால் அந்தக் கேள்வியையும் கெம்ப்டனுக்குக் கொண்டு திரும்பினாள்.

மறு வாரம் சேஷாத்ரி எழுதினான்: ‘என் பழைய ஸ்கீயை விக்கறதுக்கு விளம்பரம் போட்டுட்டேன். அம்மா ஊருக்கு வரச் சொல்றாங்க. பொண்ணு பார்க்கிறாங்க போல...’ அந்த மூன்று புள்ளிகளை அவள் நெடுநேரம் பார்த்தாள். ‘போகாதீர்கள்’ என்று அவள் சொல்லவேண்டும் என எதிர்பார்க்கிறானா? போகிறேன் என்று அறிவிப்பவனை, கெஞ்சி நிறுத்துவதா? அவள் சிவகுருநாதனின் மகள்.

‘நல்லது. பயணம் சுகமாக அமையட்டும்’ என்று எழுதினாள். அதற்கு அவன் மறுமொழி அனுப்பவில்லை. அவளும் எழுதவில்லை.

பெப்ரவரிக் கடைசியில் மலையில் மீண்டும் பனி பெய்தது. அவள் தனியே மின்தூக்கியில் ஏறினாள். அருகில் இருக்கை வெறுமையாக ஆடியது. கீழே மரங்கள், அவற்றுக்கிடையே அதே தொடப்படாத வெண்மை. இவ்வளவு காலம் அதைப் பார்த்துக் கடந்தவள்தான். விதி விதியே என்று ஏற்றவள்தான். இன்று அது வலித்தது. கண்ணாடிக்குள் ஈரம் படிந்து, மரங்கள் கலங்கின... உச்சியில் இறங்கியதும் கையுறையைக் கழற்றி, அவன் வெளியிட்ட விளம்பரத்தைத் தேடி எடுத்தாள். தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டு, இந்நாட்டில் எல்லாரும் எழுதுவதுபோல ஒரே வரி எழுதினாள்: ‘இன்னும் இருக்கிறதா?’

‘இருக்கிறது’ என்று ஜெர்மன் மொழியில் விடை வந்தது. ‘நேரில் வந்து எடுத்துச் செல்லவும்.’

மார்ச் ஒன்பதாம் நாள் டிரெஸ்டனில் மழை. வீட்டு வாசலில் அழைப்புமணியை அழுத்திவிட்டு அவள் குடையை மடக்கினாள். படிகளில் காலடியோசை கேட்டது. தோளில் பலகைகளோடு வந்து கதவைத் திறந்த சேஷாத்ரி, அப்படியே நின்றுவிட்டான்.

“...நீங்களா?”

“ஓம். ‘சின்னக் கீறல்கள் உண்டு’ எண்டு போட்டிருந்தியள். எங்க, காட்டுங்கோ பாப்பம்.”

அவன் தடுமாறிக் காட்டினான். அவள் பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நூற்று எழுபத்தாறு. எனக்கு நீளம் கூட.”

“நீளம் விளம்பரத்துலயே இருக்கே!”

“வாசிச்சனான்.”

“அப்புறம் எதுக்குங்க இவ்வளவு தூரம்...?”

“விக்கிறவர் ஏன் விக்கிறார் எண்டு கேக்க. பழைய சாமான் வாங்கிறவை முதல்ல கேக்கிறது அதைத்தானே?”

மழை வாசற்படியில் தெறித்தது. அவன் பலகைகளைச் சுவரில் சாய்த்தான்.

“மூணு இடத்துல வேலைக்கு அப்ளை பண்ணினேன். ரெண்டு பேர் இல்லைன்னுட்டாங்க. ஒரு இடத்துலேர்ந்து பதிலே வரலை. கையில ஒண்ணும் இல்லாம உங்ககிட்ட என்ன சொல்றது? வெயிட் பண்ணுங்கன்னா? அது நியாயமில்லைன்னு தோணுச்சு.”

“ஆருக்கு நியாயமில்லை?”

“உங்களுக்குத்தான்.”

“அதை என்னட்டக் கேட்டனீங்களோ?”

“...கேட்கலை.”

“நானும் பெரிய திறமில்லை. ‘பயணம் சுகமாக அமையட்டும்’ எண்டு எழுதிப்போட்டு ரெண்டு நாள் நித்திரையில்லாமத் திரிஞ்சனான். சரி, இப்ப கேளுங்கோ.”

“சுபானி... எனக்கு ஊருக்குப் போகறது கஷ்டமில்லை. ஆனா நீங்க இல்லாத இடத்துக்குப் போகறது...”

“வசனத்தை முடியுங்கோ.”

“முடியலைங்க. அதான் சொல்றேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. தினமும் மில்லிமீட்டர் மில்லிமீட்டரா எழுதினதெல்லாம் அதைத்தான். வேலை கிடைக்குமான்னு தெரியாது. இருந்தும் கேக்கறேன்... எனக்காக இருப்பீங்களா?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி ஒன்று அவள் இமையில் தங்கியிருந்தது. அல்லது அது மழைத்துளி அன்று.

“எங்கட அப்பா சொன்னவர், போகக்கூடிய ஆளை நம்பி நிக்காதை எண்டு. நான் நிக்கேல்லை. மூண்டு றெயின் மாறி வந்தனான். எனக்கும் உங்களை விருப்பம், சேஷாத்ரி. இன்னொருதரம் சொல்லமாட்டன், இப்பவே கேட்டுக்கொள்ளுங்கோ.”

“கேக்கலை. மழைச் சத்தம்.”

“பொய்!”

“சத்தியமா கேக்கலைங்க...”

அவள் மீண்டும் சொன்னாள். இம்முறை மிக அருகில் நின்று சொன்னாள்.

அன்று பிற்பகல் தேநீர் ஆறிப்போகும்வரை பேசி எடுத்த முடிவுகள் எளியவை. விளம்பரம் நீக்கப்பட்டது. சேஷாத்ரி இந்தியாவுக்குத் திரும்புவதில்லை. வேலை தேடுவதற்குச் சட்டம் தரும் காலத்தைக் கேட்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் திங்கட்கிழமையே விண்ணப்பம் கொடுப்பான். தெற்கே அவனுக்கு வேலை அமையாவிடின், சுபானி வடக்கே இடம் தேடுவாள். கதிர்ப்படம் எடுப்பவர்களுக்கு எந்த நகரிலும் வேலை உண்டு. பெண் பார்க்கவேண்டாம் என்று அவன் தாய்க்கு அன்றே தெரிவித்தான். தாய் அழுதாள், மறுநாள் பெண்ணின் புகைப்படத்தைக் கேட்டாள். சுபானி தன் தந்தையிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் கூறினாள். அவர் உடனே இணங்கவில்லை. பெடியனைக் கூட்டிக்கொண்டு வா, கதைச்சுப் பாப்பம் என்றார்.

பலகைகளைப் பொறுத்தவரை, சுபானிக்கு நூறு மில்லிமீற்றர் அகலம், நூற்று அறுபத்தெட்டு சென்ரிமீற்றர் நீளம் எனவும், சேஷாத்ரிக்கு நூற்று நான்கு மில்லிமீற்றர் அகலம், நூற்று எழுபத்தெட்டு சென்ரிமீற்றர் நீளம் எனவும் முடிவாயிற்று. இரண்டு சோடிகளும் மார்ச் இருபத்து மூன்றாம் நாள், கெம்ப்டனில், ஒரே கடையில் வாங்கப்பட்டன. மூன்றாவது நிறுவனத்தின் பதில் அப்போதும் வந்திருக்கவில்லை.