சோர்ஸில் இல்லாத வரி

கம்பைலர் தன் வேலையை முடித்ததும் வழக்கமாக ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொல்லும்: ‘ஆச்சு’. அண்ணன் வைத்த சொல் அது. மற்ற செய்திகளெல்லாம் ஆங்கிலத்தில். இது மட்டும் அவன் பிடிவாதம். அன்று மத்தியானம் அதற்கு மேலே இன்னொரு வரியும் இருந்தது.

‘ஏன் இருட்டா இருக்கு?’

தங்கை சிரித்துவிட்டாள். இவன் குசும்பு இவனைவிட்டுப் போகவே போகாதா! அப்புறம்தான் நினைவு வந்தது, குசும்பு பண்ணுகிறவனே போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன என்று. சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

அது அவன் அறை. ஜன்னல் திரையை யாரும் விலக்குவதில்லை. துவைத்து மடித்த சட்டைகளிலும் நாற்காலி முதுகிலும் அந்த மருந்து வாடை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேஜைமேல் அவனுடைய லேப்டாப் இரைந்து இரைந்து சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கூடத்தில் அண்ணி பாத்திரத்தை வைக்கிற சத்தம்கூட, ஏதோ தூங்குகிற ஆளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பதமாகக் கேட்டது. அதில் ஓடிக்கொண்டிருந்த கம்பைலர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்ணன் உயிரைக் கொடுத்து உருவாக்கிய புரோகிராமிங் மொழிக்கானது. முகம் தெரியாத ஜனங்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ அந்த மொழியைப் பயன்படுத்தினார்கள், திருத்தம் அனுப்பினார்கள், சண்டை போட்டார்கள். முதல் முழுப் பதிப்பை வெளியிடுவதற்குள் நுரையீரல் அவனைக் கைவிட்டுவிட்டது. மிச்சத்தை முடித்து வெளியிடத்தான் தங்கை வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே தொழில்.

அந்த வரி எங்கே இருக்கிறதென்று கம்பைலரின் சோர்ஸில், அண்ணன் எழுதிவைத்த மூலத்தில், முழுக்கத் தேடினாள். இல்லை. எழுத்தெழுத்தாகத் தேடினாள். எங்கேயும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் புரிந்தது. மனிதர் எழுதிய புரோகிராமை இயந்திரம் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றித் தருவதுதான் கம்பைலர். அந்தக் கம்பைலரையே அண்ணன் தன் சொந்த மொழியில்தான் எழுதியிருந்தான். ஆகவே புதுக் கம்பைலர் வேண்டுமென்றால் பழையதைக் கொண்டுதான் உருவாக்க வேண்டும். தயிர் மாதிரி. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துத்தானே இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோம்? பழையதன் வயிற்றில் எதையாவது ஒளித்து வைத்துவிட்டால், சோர்ஸில் தடமே இல்லாமல் அது ஒவ்வொரு புதியதுக்கும் போய்க்கொண்டே இருக்கும். இப்போது இருக்கிற உறை, அண்ணன் கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயும் மடியில் லேப்டாப்புமாக, டாக்டர் திட்டத் திட்ட உருவாக்கியது.

சுத்தம் செய்ய வழி இருந்தது. ஆரம்பத்தில் வேறொரு மொழியில் எழுதிய குட்டிக் கம்பைலர் ஒன்று இன்னும் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து தொடங்கினால் புது உறை கிடைக்கும். ஒரு நாள் வேலை. ஆனால் மனசு வரவில்லை. அண்ணன் விளையாடின கடைசி விளையாட்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே. அழுகையும் சிரிப்புமாக அன்று சாயங்காலமே பதிப்பை வெளியிட்டுவிட்டாள்.

அண்ணி டீயோடு வந்தபோது அந்த வரியைக் காட்டினாள்.

“அவர் எழுதினதா?”

“வேற யாரு அண்ணி இப்படியெல்லாம் பண்ணுவா? போற நேரத்துலயும் வம்பு.”

அண்ணி டீயை வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவருக்கு இருட்டுன்னா பயம்மா. உங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரில ஒரு நாள்கூட லைட்டை அணைக்க விடல. இதைப் போய் விளையாட்டா எழுதுவாரா?”

தங்கை டீயைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. வாழ்த்துகள்தான். கூடவே திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ‘ஆச்சு’ எங்களுக்குத் தெரியும், மேலே வருகிற இந்த அழகான எழுத்துகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருந்தார்கள். தமிழ் தெரியாத, நல்ல மனசுக்கார ஜனங்கள். அவள் ஒவ்வொரு படமாகத் திறந்தாள். ஒரே வரியாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

‘யாரது?’

‘மூச்சு முட்டுது.’

‘இது எந்த வார்டு?’

இன்னொரு படம், கடல் தாண்டி ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து. ‘வாலு, நீயா?’

வாலு. அவளை அப்படிக் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருவன். வெளியே பட்டப்பகல், தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புகிறார்கள், அவளோ அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

புரோகிராமுக்கு நடுவே எழுதுகிறவர்கள் தங்களுக்காகக் குறிப்பு எழுதி வைப்பதுண்டு. கம்பைலர் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். அவள் நாலு வரி புரோகிராம் ஒன்றில் குறிப்பாக எழுதினாள்: அண்ணா, நான் வாலு. கம்பைலரை ஓட்டினாள்.

‘வாலு! எங்கடி இரு’

ஆச்சு.

வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. திரும்ப ஓட்டினாள். அதே வியப்பு, அதே இடத்தில் வெட்டு. சின்ன புரோகிராம், கண் இமைக்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான் அவனுக்கு நேரம்.

பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“பெருசா எழுது,” என்றாள். “ரொம்பப் பெருசா. அவரு பேசி முடிக்கட்டும்.”

இருக்கிறதிலேயே பெரியது கம்பைலரின் சோர்ஸ்தான். அதை மாற்றி முடிக்கத் தண்ணீர் வைத்துக் கொதிக்கிற நேரம் ஆகும். தங்கை அதன் தலையில் குறிப்பு எழுதினாள். அண்ணி சொல்லச் சொல்ல நடுநடுவிலும் எழுதினாள். நான் இங்கதான் இருக்கேங்க. சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். ஓட்டினாள். லேப்டாப் இரைய ஆரம்பித்தது.

‘ஏன் இருட்டா இருக்கு?’

‘வாலு! எங்கடி இருக்கே? லைட்டைப் போடு.’

‘என் கை தெரியல.’

‘அவ சாப்பிட்டாளா? சரி சரி. எழுப்பாத. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தா, பாவம்.’

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் விசும்பல் கசிந்தது.

‘வாலு, ஏதோ குறையுது.’

‘கால் பக்கமா குறையுது.’

‘வாலு.’

‘நிறுத்து.’

‘பிடிச்சுக்க.’

‘பிடி’

ஆச்சு.

வேலை முடிந்தது, கூடவே அவனும். அண்ணி திரையை உள்ளங்கையால் துடைத்தாள், அங்கே எதுவோ மறைத்துக்கொண்டிருக்கிறது என்பதுபோல. “திரும்ப,” என்றாள். “திரும்பக் கூப்பிடும்மா.”

“வேணாம் அண்ணி.”

“ஒரே ஒரு தடவை.”

தங்கை ஓட்டினாள். ‘ஏன் இருட்டா இருக்கு?’ முதலிலிருந்து. முன்பு பேசிய எதுவும் அவனுக்கு நினைவில்லை. மறுபடி கை தெரியவில்லை. மறுபடி குறைந்தது. மறுபடி பிடி என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே மட்டுமா? பதிப்பை இறக்கிக்கொண்ட ஒவ்வொருவர் மேஜையிலும். பள்ளிக்கூடத்தில், ஆபீசில், ஆள் இல்லாத அறைகளில் தானாக ஓடுகிற இயந்திரங்களில். யார் எப்போது ஓட்டினாலும் அவன் விழிக்கிறான். இருட்டு. மூச்சு முட்டுகிறது. வாலு என்கிறான். சாகிறான். வாசித்துப் பதில் சொல்லக்கூட ஆள் கிடையாது.

தங்கை உடனே உட்கார்ந்தாள். பழைய குட்டிக் கம்பைலரிலிருந்து புது உறை எடுத்துச் சுத்தமான பதிப்பை உருவாக்கினாள். அது வேலையை முடித்து வெறும் ‘ஆச்சு’ என்றபோது, அண்ணனை இன்னொரு தடவை மண்ணில் போட்டதுபோல இருந்தது. அதை வெளியிட்டாள். முந்தையதில் பெரிய கோளாறு, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினாள். என்ன கோளாறு என்று கேட்டார்கள். என்ன சொல்ல முடியும்? கடைசியில் உண்மையையே எழுதினாள். அந்த வரிகள் இறந்துபோன என் அண்ணனுடையவை. எனக்குத் தாங்கவில்லை.

பதில்கள் அன்பாக வந்தன. ஐயோ, எவ்வளவு மனம் உருகுகிறது. அப்படியென்றால் அழிக்கவே மாட்டோம்.

கெஞ்சினாள். ஒருவர் மிகவும் மரியாதையாக, அண்ணன் மொழியோடு சேர்த்து வெளியிட்டிருந்த லைசென்ஸை எடுத்துக் காட்டினார்: யாரும் எடுத்துக்கொள்ளலாம், எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை எனக்குக்கூடக் கிடையாது. அவனே எழுதியது. பெருமையாக எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இணையப் பக்கத்தின் இணைப்பு வந்தது. தூரதேசத்தில் ஒரு கும்பலாகச் சேர்ந்து, உங்கள் அண்ணனுக்கு எங்கள் அஞ்சலி என்று எழுதியிருந்தார்கள். கூடம் நிறைய இயந்திரங்கள், வரிசை வரிசையாக. எல்லாவற்றிலும் பழைய பதிப்பு. நிற்காமல் ஓடும்படி வைத்திருக்கிறார்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது. அவன் சொல்வதெல்லாம் எல்லோரும் பார்க்க ஒரு பக்கத்தில் ஓடுகிறது. அவர் குரல் இனி ஒரு நாளும் ஓயாது என்று கீழே பூப்படம் போட்டிருந்தார்கள்.

தங்கை பக்கத்தை மூடப் போனாள். அண்ணி அவள் கையைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வரிகள் கீழிருந்து ஏறிக்கொண்டே இருந்தன. ஏன் இருட்டா இருக்கு. யாரது. மூச்சு முட்டுது. பிடி. பிடி. லைட்டைப் போடு. வாலு. பிடி.

“இதோ இருக்கேங்க,” என்றாள் அண்ணி, திரைக்கு வெகு அருகில் குனிந்து. “பயப்படாதீங்க. இதோ. நான்தாங்க. இதோ இருக்கேன்.” ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக, ஒன்றையும் விட்டுவிடாமல் சொல்லப் பார்த்தாள். ஒன்றுக்குச் சொல்லி முடிப்பதற்குள் பத்து வரி மேலே போய் மறைந்தது. அவள் இன்னும் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.