நம்பலாம் என்ற பட்டியலில் ரேஷ்மி

"நான்தான் முதல்ல கை காட்டினேன்!"

"கை யாரும் காட்டலாம்ங்க... வண்டி என் முன்னாலதான நின்னுது?"

கிழக்கே கோட்டையில் அப்படியொரு மழை. ஆட்டோவின் இந்தப் பக்கக் கம்பியை இசக்கிசெல்வி பிடித்திருந்தாள். அந்தப் பக்கக் கம்பியை அவன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டாளும் எங்கோட்டா?"

"விழிஞ்ஞம்!" இரண்டு குரலும் சேர்ந்தே விழுந்தன.

நடுவில் பையை மதில்போல வைத்துக்கொண்டு செல்வி உட்கார்ந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள்... அவன் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. துடைத்துக்கொள்ளக்கூடத் தெரியாத ஆள் போல...

"ஆபீஸ் வேலையா?" என்றான்.

"ஆமா. துறைமுகத்துப் பக்கம் மீன் வைக்கிற ஐஸ் பிளான்ட்டுல எங்க பாக்ஸ் ஒண்ணு இருக்கு. மீன் அறைக்குள்ள குளிர் எவ்வளவுன்னு சர்வருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கணும். அனுப்ப மாட்டேங்கு. சர்வர் கம்பெனியில மகேஷ்குமார்னு ஒரு ஆளு... மூணு வாரமா மெயில்லயே உயிர எடுக்கான்."

அவன் இருமினான். "எப்படி ஆளு?"

"அம்பது வயசாவது இருக்கும். 'உங்க பக்கம் சரிபாருங்க'... இத விட்டா வேற ஒரு வரி தெரியாது. மூஞ்சியப் பாத்தாப் போதும், எதுக்கும் ஆகமாட்டான்னு சொல்லிருவேன்."

"பாவம்... வீட்டுல என்ன கஷ்டமோ."

பிளான்ட் வாசலில் பதிவேட்டில் அவன் பெயர் எழுதினான். செல்வி எட்டிப் பார்த்தாள். மகேஷ்குமார்.

காதுமடல் வரை சூடு ஏறியது. "சொல்லியிருக்கலாம்லா!"

"மூஞ்சியப் பாத்தாப் போதும்னீங்க. பதினஞ்சு கிலோமீட்டர் பாத்துட்டுதான வந்தீங்க?"

மேனேஜர் பிரஜின் சாயா கொண்டுவந்து வைப்பதற்குள் கோளாறு பிடிபட்டுவிட்டது. பாக்ஸ், லைப்ரரி என்கிற ஒரு ஆயத்த நிரலை வைத்துத்தான் சர்வரோடு பேசும். எதிரில் நிற்பது யார் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பேச்சு. சர்வர் நீட்டிய சான்றிதழில் கையெழுத்துப் போட்டவரை பாக்ஸுக்குத் தெரியவில்லை. தெரியாதவரிடம் வாய் திறக்குமா?

"கையெழுத்துப் போட்டது உங்க ரூட் சான்றிதழ். அதுதான் இதுக்குத் தெரியல" என்றாள் செல்வி. "அத ஃபைலா வைக்க இதுல இடம் கிடையாது. கால்பேக் எழுதுதேன்."

"கால்பேக்குல?"

"புதுசா ஒரு இணைப்புப் போடும்போதெல்லாம், கைகுலுக்குறதுக்கு முன்னால லைப்ரரி நம்மளக் கூப்பிடும்லா... எல்லாம் ரெடி, இன்னும் ஏதாவது சேக்கணுமான்னு கேக்கும். அந்த நேரத்துல, நம்பலாம்ங்கிற பட்டியல்ல உங்க ரூட்டையும் சேத்துருவேன்."

அவன் ரூட்டை அனுப்பினான். அவள் திறந்தாள். பெயர்: ரேஷ்மி ரூட்.

"இது யாரு ரேஷ்மி?"

"எங்க டீம்தான். அவ உண்டாக்குன சான்றிதழ், அவ பேரையே வச்சிட்டா."

அதே நேரத்தில் அவன் போன் அடித்தது. திரையில் ரேஷ்மி... அவன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துச் சிரித்துப் பேசினான். செல்வியின் சாயாவில் ஆடை படர்ந்தது.

பாக்ஸ் பேசத் தொடங்கியது. ரேஷ்மியை நம்பி!

அதன்பிறகு தினமும் ஏதாவதொரு சந்தேகம் கேட்டு அவன் கூப்பிட்டான். பாதி சந்தேகம் சந்தேகமே இல்லை என்று அவளுக்கும் தெரியும்... ஆனால் பின்னால் அந்த ரேஷ்மியின் குரல். "மகேஷ், சாப்பிட வாரியா?" வாரியாவாம்! நான் நீங்க, நீங்க என்று உருகிக்கொண்டிருக்கிறேன்... இவளுக்கு நீ!

ஒரு வியாழக்கிழமை அவன் சொன்னான்: "புது ரூட் ஒண்ணு அனுப்பியிருக்கேன், கேட்டீங்களா? சர்வர் ஒண்ணாந்தேதிதான் புதுசுக்கு மாறும். அதுவரைக்கும் பட்டியல்ல ரெண்டும் இருக்கட்டும். பழசத் தொடாண்டாம்."

"சரி."

பின்னால் அதே குரல். "மகேஷ், உங்க அம்ம எனக்கு அவியல் குடுத்து விட்டிருக்கு பாத்தியா!"

போனை வைத்தாள். அவன் அம்மா... அவியல்... கண்ணில் என்னவோ கரித்தது. நிரலைத் திறந்து, புது ரூட்டைச் சேர்த்தாள். 'ரேஷ்மி ரூட்' இருந்த வரிகளை அழித்தாள். எப்படியும் போகப்போறதுதானே... இன்னிக்கே போகட்டும்! பாக்ஸுக்கும் அனுப்பிவிட்டாள். அழித்த கைக்கு என்ன ஒரு நிம்மதி!

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரஸர் நின்றது. யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. பாக்ஸ்தான் முந்தின நாளே சர்வரை நம்ப மறுத்து வாயை மூடிக்கொண்டதே! கதவில் நீர் வழிவதைப் பிரஜின் கண்டுபிடிக்கும்போது பாதி நெய்மீன் குழைந்திருந்தது.

சனிக்கிழமை காலை எல்லாரும் பிளான்ட்டில். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ரேஷ்மி. பக்கத்து சீட்டில் மகேஷ். அவள் அழகாக வேறு இருந்தாள்.

போன் ஸ்பீக்கரில் மகேஷின் மேனேஜர் கத்தினார். "பதிவுல 'சர்வர் சான்றிதழ நம்ப முடியல'ன்னு இருக்கு. நம்ம பக்கத்துத் தப்புதான மகேஷ்? திங்கக்கிழமைலேர்ந்து இந்த வேலைக்கு வேற ஆளப் போடுதேன்."

மகேஷ் செல்வியின் திரையைப் பார்த்தான். பட்டியலில் ஒரே ஒரு பெயர், புது ரூட். புரிந்துவிட்டது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான்... ஒரு நொடி.

"ஆமா சார். எங்க பக்கம்தான்."

எனக்காகவா..? அதுவும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு! பேசாமல் இருந்தால் பிழைத்தேன். அவனை மாற்றிவிடுவார்கள்... இனி ஒரு போன்கூட வராது.

"இல்ல சார்." செல்வி போன் பக்கம் குனிந்தாள். "பாக்ஸ் பக்கம். நான்தான் பழைய ரூட்ட எடுத்தேன். தொடாண்டாம்னு மகேஷ் சொல்லியும் எடுத்தேன்."

"எந்தினா மோளே?" எதற்காக என்று புரியாமல் பிரஜின் திகைத்தார்.

ரேஷ்மி திரையைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்: "என் பேரு பிடிக்கலையோ?"

"ஆமா."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் வந்துவிட்டது. ரேஷ்மியின் முகம் ஒரு கணம் வாடியது. போனை எடுத்துக் காதில் வைத்தாள். "சார், பாக்ஸ் பக்கத்துத் தப்புதான். மகேஷ மாத்தண்டாம்... காரணமா? அது டெக்னிக்கல் சார்." பேசிக்கொண்டே வெளியே போய்விட்டாள். பிரஜினும் மீனைப் பார்க்கப் போனார்.

"நல்லவங்களா வேற இருக்காங்க..." செல்விக்கு அழுகையே வந்தது. "அதான் இன்னும் எரியுது."

"அம்மா அவ வீட்டுல கல்யாணத்துக்குப் பேசியிருக்கு" என்றான் மகேஷ். "மறைக்கல. நான் இன்னும் பதில் சொல்லல."

"ஏன்?"

"அஞ்சாறு வாரமா ஒரு ஆளோட சண்டை. காலையில எந்திரிச்சா முதல்ல அந்த ஆளோட மெயிலத்தான் தேடுதேன். இப்படி இருக்கறவன் அம்மாட்ட என்னன்னு தலையாட்டுவான்... நீங்களே சொல்லுங்க செல்வி."

வெளியே கார் கிளம்பும் சத்தம். ரேஷ்மி கண்ணாடியை இறக்கி, "மகேஷ், வாரியா?" என்றாள்.

அவன் திரும்பவில்லை. செல்வியையே பார்த்தான்.

"போவாண்டாம்..." என்றாள் அவள், தரையைப் பார்த்து. "அந்தக் காருல போவாண்டாம். எந்தக் காருலயும் அவங்க பக்கத்துல உக்கார வேண்டாம். பொறாமைதான். ஒரு பிளான்ட் மீனையும் கெடுத்த பொறாமை. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு... நீ போவாத."