கண் திறந்த படம்

மீண்டு வந்த முதல் படத்திலேயே மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தான்.

கோபி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃப்ளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடாத மாப்பிள்ளை யார்? ஆனால் அடுத்த படத்திலும் அவன் மூடியிருந்தான். தாலி கட்டும்போதும், பந்தியில் பெண்ணுக்கு லட்டு ஊட்டும்போதும், மேடையில் சொந்தக்காரர்களோடு நெருக்கியடித்து நிற்கும்போதும். மற்றவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நடுவில் அவன் மட்டும் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

மேசைமேல் மடித்துப் போட்ட செய்தித்தாளில் பழைய ஹார்ட் டிஸ்க் கிடந்தது. தசரதனின் ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு நாளாக எழவில்லை. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை, உள்ளே ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். கோபி டிஸ்க்கைத் தன் மாடி ரிப்பேர் கடைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டிருந்தான். அது படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் துப்பியது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் டிஸ்க், யாரோ நாக்கை மேலண்ணத்தில் தட்டியதுபோல ஒரு சத்தம் போட்டது.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அவன் அம்மா பாஞ்சாலையின் படம். நாளைக் காலை காரியம். விளக்குக்கு முன்னால் வைக்க வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்தது அம்மாவா அப்பாவா என்றே தெரியாத ஒரு கறுப்புக் கறை. தங்கை வினோதினியின் கல்யாணத்தில்கூட அவள் மேடை ஏறவில்லை. தாலியறுத்தவள் என்று சமையல்கட்டுப் பக்கமே நின்றுவிட்டாள். ஆக, அவளைக் கேமரா பார்த்தது ஒரே ஒரு முறை. செத்த பிறகு. நாற்காலியில் உட்காரவைத்து, தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி.

அப்படி எடுத்த படங்களைச் சரிசெய்து கொடுப்பதில் தசரதன் இந்த ஊரில் பேர்போனவர். தாடைக் கட்டை அழிப்பார், காசை அழிப்பார், பட்டுப்புடவை உடுத்துவார், பின்னால் நீலத் திரை போடுவார். கடைசியில் கண்ணைத் திறப்பார்.

"யாருண்ணா இந்த மாப்பிள்ளை? எல்லாத்துலயும் தூங்குறாரு."

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தசரதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "நம்ம டீக்கடை காசிப்பா. நல்லாத்தானே முழிச்சினு இருந்தான்? நான் எடுத்து நானே பிரிண்ட் போட்டது, எனக்குத் தெரியாதா? உன் சாஃப்ட்வேரு கோளாறு."

"சாஃப்ட்வேரு கண்ண மூடாதுண்ணா."

"அப்ப உன் கண்ணுதான் கோளாறு. மூஞ்சியப் பாரு, பொணம் மாதிரி..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தூங்கினியா இல்லியா?"

தூங்கவில்லை. சென்னையில் மூன்று வருஷம் இரவு வேலை பார்த்து, தாங்காமல் விட்டுவிட்டு வந்தவனுக்குத் தூக்கம் எந்த நேரத்துக்கும் சொந்தமில்லாமல் போயிருந்தது. அம்மா போனதிலிருந்து சுத்தமாக இல்லை. கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல எரிந்தது.

"இந்தக் காசி இப்ப எங்கண்ணா?"

"போய்ட்டான்பா. அவங்க அப்பா காரியம் முடிஞ்ச மறுவாரம். கல்லாவுல உக்காந்த வாக்குல. தூங்கறான்னு நெனச்சி சாயந்தரம் வரைக்கும் யாரும் எழுப்பல."

டிஸ்க் தட்டியது. அடுத்த படம் வந்தது. நீலத் திரைக்கு முன்னால் சட்டை போட்ட கிழவர் ஒருவர், நேராகப் பார்த்துக்கொண்டு.

"இதான் அவங்க அப்பா, கோதண்டராமன்" என்றார் தசரதன். குரலில் பெருமை. "உசுரு இருக்குது பாத்தியா கண்ணுல?"

இருந்தது. அதுதான் கோபிக்குப் பிடிக்கவில்லை.

"செத்தவங்களுக்குக் கண்ணு எங்கருந்துண்ணா எடுப்ப?"

"புள்ளைங்க கண்ணுதான். ஒரே ரத்தம் இல்லியா, அளவு கச்சிதமா உக்காரும். உங்க அம்மாவுக்கு உன்னுதுதான் வச்சேன். தங்கச்சி கல்யாணத்துல மண்டபத்து வாசல்ல நல்லா முழிச்சினு நின்ன பாரு, அதுலருந்து." எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "கண்ணாடிக் கடைய சாத்திடுவான். படத்துக்கு ஃப்ரேம் வாங்கினு வந்துடறேன். படம் வந்தா பிரிண்ட் குடுத்து வை."

படியில் அவர் இறங்கும் சத்தம் தேய்ந்தது.

பௌர்ணமி. வெளிச்சம் குறைந்து ஜன்னலில் மலை கறுத்துக்கொண்டிருந்தது. கீழே செங்கம் சாலையில் மலையை வலம்வரும் கூட்டம் தொடங்கியிருந்தது. எல்லாம் வெறுங்கால்கள். ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தாரைத் தேய்த்துக்கொண்டு போகும்போது, நடப்பதுபோலக் கேட்கவில்லை. கனமான எதையோ நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போவதுபோலக் கேட்டது. கற்பூரப் புகை ஜன்னல் வழியாக ஏறி வந்து, மானிட்டரின் சூடான பிளாஸ்டிக் வாடையோடு கலந்து நின்றது.

டிஸ்க் தட்டியது.

புதுமனை புகுவிழா. பால் பாத்திரத்தோடு ஒரு பெண். கண் மூடியிருந்தாள். கோபிக்கு அவளைத் தெரியும். கீழ்க்கடையில் துணி தைத்த வேதா. போன கோடையில் தையல் மிஷின்மேல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தவளை மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பியது அவன்தான். எழுப்பப் பார்த்தது.

அடுத்த படம். நீலத் திரை. ஒரு கிழவி. வேதாவின் கண்கள்.

அடுத்தது யாரோ ஒருவன், மொட்டை போட்ட குழந்தையோடு. மூடிய கண். அடுத்தது நீலத் திரை. திறந்த கண்.

கோபி மவுஸில் கையை வைத்தபடி அடுத்ததற்குக் காத்திருந்தான்.

வினோதினியின் கல்யாணம் வந்தது. மண்டப வாசல், வாழைமரம், சந்தனக் கிண்ணத்தோடு அவன். நன்றாக விழித்துக்கொண்டிருந்தான். கோபி மூச்சை விட்டான். தூக்கமில்லாத மூளை என்னவெல்லாம் கோத்துப் பார்க்கிறது.

பிறகு அம்மா வந்தாள். நாற்காலி, தாடைக் கட்டு, காசு, மூடிய கண். அதற்கடுத்து நீலத் திரை மெதுவாக, மேலிருந்து கீழாக, வரிவரியாக இறங்கியது. காசில்லாத நெற்றி. புருவம். அங்கே நின்றது. கீழே வெறும் சாம்பல் நிறம். படம் பழுது, மறுபடி படிக்கவா என்று மென்பொருள் கேட்டது.

மண்டப வாசல் படத்தைத் திரும்பிப் பார்த்தான். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் இமைகள் பாதி இறங்கியிருந்தன.

வேண்டாம் என்று அழுத்தினால் முடிந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். நாளை விளக்குக்கு முன்னால் வெறும் பலகை இருக்கும். தாடைக் கட்டோடு இருக்கும் படத்தையா வைப்பது? அன்றைக்கு மண்டபத்தில் ஒருவரும் அவளை மேலே கூப்பிடவில்லை. நாளைக்கும் அவள் வரமாட்டாள். இனி எப்போதும்.

அலுப்பாக இருந்தது. பயப்படக்கூடத் தெம்பில்லாத அலுப்பு.

மறுபடி படி என்று அழுத்தினான்.

டிஸ்க் தட்டியது. தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. கீழே கால்கள் தேய்ந்தன. வரி இறங்கியது. இமை. வெள்ளை விழி. அதில் சிவப்பு நரம்பு. தூங்காதவனின் நரம்பு. கல்யாணத்தன்று அவன் கண் சிவந்திருக்கவில்லை.

எரிச்சல் நின்றது. மணல் போயிற்று. எவ்வளவு சுகம்.

இருட்டு.

பிறகு வெளிச்சம், எதிர்ப்பக்கத்திலிருந்து.

ஜன்னல் தெரிந்தது. மலை தெரிந்தது. கதவு இடம் மாறியிருந்தது. மிக அருகில், பிளாஸ்டிக் நாற்காலியில், ஒருவன் உட்கார்ந்திருந்தான். கோபியின் சட்டை. அவன் கை, மவுஸ்மேல். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. தாடை கொஞ்சம் தொங்கியிருந்தது. கட்ட வேண்டும்.

படியில் காலடி. தசரதன் ஃப்ரேமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"அப்பாடா, அம்மா வந்துட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தூங்கு, தூங்கு."

அவர் பிரிண்ட் கொடுத்தார். மேலே மின்விசிறி தெரிந்தது. கண்ணாடி வந்து மூடியது. பின்னால் ஆணிகள் இறங்கின, ஒவ்வொன்றாக. செல்போனில் அவர் பேசினார்.

"வினோதினியா? அம்மா படம் கெடச்சிடுச்சும்மா. கண்ணு அப்டியே பேசுது... அண்ணனா? இங்கதான் அசந்து தூங்கறான். எத்தினி நாள் தூக்கமோ. நான் எழுப்பல. காலைல வந்து நீயே எழுப்பு."

விளக்கை அணைக்குமுன் தோள் துண்டால் கண்ணாடியை ஒரு முறை துடைத்தார். துண்டு நேராகக் கண்ணுக்கு வந்தது. கோபி இமைக்கப் பார்த்தான்.