முட்டியளவுதான்

ஹாலின் நடுவே, போன மாதம்தான் பதித்த வெள்ளை டைல்ஸ் மேல், ஒரு நத்தை இருந்தது.

மழைக்காலத்தில் வீட்டுக்குள் நத்தை வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அது தோட்டத்து நத்தையாக இருந்தால். இது ஏரி நத்தை. எலுமிச்சம்பழப் பருமன், பாசி படிந்த ஓடு, வாயை மூடியால் இறுக்கிச் சாத்திக்கொண்டு கிடந்தது. ஏரி ஊருக்கு வெளியே இருக்கிறது. கதவும் ஜன்னலும் மத்தியானத்திலிருந்து சாத்தியே இருந்தன. வீரமணி சோபாவிலிருந்து எழுந்து, அதை இரண்டு விரலால் தூக்கி, ஜன்னலைத் திறந்து மழைக்குள் எறிந்தான். கையை சோப்புப் போட்டுக் கழுவினான். மறுபடியும் கழுவினான். சேற்று வாசனை போகவே இல்லை.

அந்த வாசனை அவனுக்குத் தெரியாததா என்ன? அவனுடைய பொக்லைன் தோண்டிய மண். கோடையில் ஏரி வறண்டு கிடந்தபோது வண்டல் எடுக்க அனுமதி வாங்கினான். மூன்றடிக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டியது ஒரு கிணறு ஆழம். செங்கல் சூளைக்குப் போனது போக மிஞ்சியதை இந்த வீட்டின் அஸ்திவாரத்துக்கே கொட்டி நிரப்பினான். அந்த மண்ணுக்குள் நத்தைகள் இருந்தன. தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் இறங்கி, வாயைச் சாத்திக்கொண்டு, அடுத்த மழைக்காக மாசக்கணக்கில் தூங்கும் ஜாதி. லோடு லோடாக அவற்றையும் சேர்த்துத்தான் கொட்டினான். அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. மேலிருந்து பார்த்தால் குழி எங்கே, தரை எங்கே என்று ஆண்டவனுக்கே தெரியாது. வீரமணிக்கு மட்டும் தெரியும்.

குள்ளம்மாள் கூடையோடு கரையில் வந்து நின்றது அந்த வாரம்தான். மழை பெய்துவிட்டால் நத்தை பொறுக்கி, அவித்து, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விற்பாள். யாரோ மனு போட்டு, ஆழத்தைப் பற்றி விசாரிக்க அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். வீரமணி அவர் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தான்.

"தம்பி, மண்ணு எடுத்தது நீதான? அந்தாண்ட ஆழமாப்பா?" என்று குள்ளம்மாள் கேட்டாள்.

அதிகாரி அவன் முகத்தைப் பார்த்தார்.

"முட்டியளவுதான்க்கா. தைரியமா எறங்குங்க."

அதிகாரி தலையாட்டிவிட்டு பைக்கை எடுத்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். சத்தியமாக நினைத்தான். ஆனால் அவர், வாய்யா ஒரு டீ சாப்பிடலாம் என்றார். போனான். திரும்பி வந்தபோது கரையில் ஒரு ஜோடி செருப்பு மட்டும். யாரோ வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவள் மாதிரி, ஜோடி சேர்த்து ஓரமாகக் கழற்றி வைத்திருந்தாள். பாவி, அப்போதாவது அவன் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்றான்.

இன்றைக்கு அவளுக்குக் காரியம். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டு, மனைவி நிர்மலாவையும் மகள் ஐஸ்வர்யாவையும் அனுப்பிவைத்தான்.

போன் அடித்தது. நிர்மலா.

"என்னங்க, கெளம்பிட்டோம். இப்ப வந்துருவோம். அவ வூட்டுக்காரரு நஞ்சப்பன் ஒரே பொலம்பலுங்க. ஏரியிலயே பொறந்து வளந்தவ, தானா ஆழத்துல எறங்கமாட்டா, யாரோ சொல்லித்தான் எறங்கியிருக்கான்றாரு."

"ம்."

"காய்ச்சல் எப்டி இருக்குதுங்க?"

"நிர்மலா..."

"சொல்லுங்க."

சொல்ல வந்தது தொண்டை வரைக்கும் வந்தது.

"ஒண்ணுமில்ல. குடை இருக்குதா?"

போனை வைத்தான். கரண்ட் போனது. இன்னும் பொழுது சாயவில்லை, ஆனாலும் மேகம் கவிந்ததில் ஹால் மங்கிக் கிடந்தது. மின்விசிறி ஓய்ந்தபிறகு வெளியே மழைச் சத்தம், கூரையின் ஓட்டை மழைக்குழாயில் தண்ணீர் விழும் சத்தம், அதற்கும் கீழே, காலுக்கு அடியில், வேறொரு சத்தம்.

கிட்.

டைல்ஸுக்கு அடியில் இருந்து வந்தது. சின்னதாக, நகத்தால் சுரண்டின மாதிரி. ஒரு மூடி திறக்கிற சத்தம்.

கிட். கிட்.

பிறகு ஹால் முழுக்க. சமையலறையில். சாமி படத்துக்குக் கீழே. மாசக்கணக்கில் சாத்திக் கிடந்த வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

டைல்ஸ் இடுக்குகளில் ஈரம் கசிந்தது. கோடு கோடாக வந்து, கோடுகள் சேர்ந்து, சுவருக்குச் சுவர் பரவியது. வீரமணி சோபாமேல் ஏறி நின்றான். தண்ணீர் அசையவில்லை. அதற்கு அடியில் வெள்ளை டைல்ஸ் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கறுப்பு.

சோபாவின் கைப்பிடியில் ஒரு நத்தை. அவன் எறிந்ததேதான். எடுத்துத் தண்ணீரில் போட்டான்.

ப்ளக் என்றது. தரையில் முட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

வரவில்லை.

சுவரோரம் சாய்த்திருந்த துடைப்பக் கட்டையை எட்டி எடுத்து, குனிந்து தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தான். இறங்கியது. முழங்கை நனையும் வரை இறங்கியது. அடி தட்டவில்லை. அப்புறம், கீழே யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கேட் திறந்தது.

"அப்பா! வூடெல்லாம் தண்ணி!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஐஸ்வர்யா நின்றாள். பின்னால் நிர்மலா குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னங்க இது? கொழாய மூடாம வுட்டுட்டீங்களா? பாப்பா, கொஞ்சம் இரு. ஏங்க, ஆழமாங்க?"

வராதே. ஆழம். நான்தான் வெட்டினேன். நான்தான் சொன்னேன். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் போதும். பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

வாயைத் திறந்தான்.

உள்ளே, தொண்டைக்கு முன்னால், சில்லென்று ஏதோ வந்து இறுக்கிச் சாத்திக்கொண்டது. மூச்சு முட்டியது. கையை ஆட்டப் பார்த்தான். கட்டை கையை விடவில்லை. அப்போது குரல் வந்தது. அவன் குரலேதான். அன்றைக்குக் கரையில் நின்றபோது இருந்த அதே பதவிசான குரல்.

"முட்டியளவுதான். தைரியமா எறங்குங்க."

ஐஸ்வர்யாவுக்கு ஒரே சந்தோஷம். குனிந்து செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, வாசற்படி ஓரமாக வைத்தாள்.