இரண்டு இடத்தில் ஒரே கறை

திரையிலிருந்த படத்தில், தங்கையாவின் இடது தோளுக்கு மேலே, சுவரில் ஈரக்கறை ஒன்று, ஓரம் கிழிந்த செருப்பின் வடிவில். அதே செருப்பு, அதே கிழிசலோடு வலது தோளுக்கு மேலேயும் இருந்தது.

நாகமணி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். புருஷன் தங்கையாவை, ஆள் கடத்தும் வெள்ளை வான் கொண்டுபோன பிறகுதான் அவள் கொட்டாஞ்சேனையில் நிக்கலஸின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் படங்களில் பருவை அழிக்கவும், பிறர் அழித்ததைக் கண்டுபிடிக்கவும் அவர்தான் பழக்கினார். 2008 மழைக்காலத்தில், அன்று பின்னேரம், பெயரில்லாத மின்னஞ்சலில் இந்தப் படம் வந்தது. கதிரையில் தங்கையா, மடியில் அந்த வாரத்துப் பேப்பர். 'சுகமாக இருக்கிறார். பொலிஸ் முறைப்பாட்டை வாபஸ் வாங்கவும்.'

செய்தி கேட்டு மாமியார் ராக்கம்மா மழையிலேயே ஓடி வந்திருந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"எம்புள்ள மெலிஞ்சிட்டானா?"

"ஆமா மாமி." நாகமணி குரலைத் தாழ்த்தினாள். "நிக்கலஸ் அண்ணே, இங்க பாருங்க. ஒரே கறை ரெண்டு எடத்துல."

அவர் குனிந்தார். "ஓம். சுவரை வெட்டி ஒட்டியிருக்கினம். பின்னால நிண்ட எதையோ மறைக்கிறதுக்கு."

"பேப்பர்?"

"அதுவும் ஒட்டினதுதான். நிழலே விழேல்ல."

துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊத, தகரக் கூரையில் மழை கொட்ட, அச்சு மையின் நெடியும் ஈரச் சேலையின் வாடையும் கலந்து அந்தச் சின்ன அறைக்குள் மூச்சு முட்ட, அவள் அவனுடைய முகத்தைப் பெருப்பித்துக்கொண்டே போனாள். கருவிழிகளில் இரண்டு வெள்ளைக் குடைகள் தெரிந்தன. ஸ்டூடியோ விளக்குகள். படத்திலிருந்த அறையிலோ தலைக்கு மேலே ஒற்றை பல்ப். அவளுக்கு அந்தக் கண்களைத் தெரியும். அவர்கள் இருவரின் கல்யாணப் படத்தில் இருந்த கண்கள். முறைப்பாட்டோடு அவளே கொடுத்த படம்.

ஒட்டிய கண்களைச் சுற்றி இமையோரம் நீலம் பாரித்திருந்தது.

நிக்கலஸ் அவள் கையை மௌஸிலிருந்து விலக்கினார். "போதும் பிள்ளை. இதுக்கு மேல பார்க்கவேண்டாம்." போய் ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார்.

கை தானாக மௌஸுக்குப் போனது. நெற்றி. காது. முடி.

ராக்கம்மா எழுந்து வந்து மருமகளின் பின்னால் நின்றாள். கண் பூஞ்சையான அவளுக்குத் திரை வெறும் வெளிச்சம்.

"ஒடம்பு தேறிட்டானா தாயி? நல்லா நிமுந்து ஒக்காந்திருக்கானா?"

"ஆமா மாமி."

முடிக்குள் ஏதோ. கறுப்பல்ல. தோல்.

அழிக்க மறந்த நான்கு விரல்கள், தங்கையாவின் முடியைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து, தலை சாயாமல் தூக்கி நிறுத்தியிருந்தன.